லிங்க் ராடு மாற்றினால் வண்டி சாய்வது குறையுமா?

தம்பி, உங்கள் கேள்வியைப் படிப்பவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு அடிக்கடி ஏறி இறங்கும் 2014 ஸ்விஃப்ட். ஆறு மாதத்துக்கு முன்பு வண்டியின் உயரத்தை 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் போட்டிருக்கிறீர்கள். இப்போது பள்ளத்தில் விழுந்தால் வலது முன் பக்கத்தில் ‘டக் டக்’ என்று சத்தம். சஸ்பென்ஷனில் இருக்கும் சின்ன இணைப்புக் கம்பியான லிங்க் ராடு போய்விட்டது என்கிறார் மெக்கானிக். இறக்கிய வண்டிக்கு அட்ஜஸ்டபிள் லிங்க்தான் போட வேண்டும், நீளத்தைக் குறைத்து இறுக்கி வைத்தால் வளைவில் சாய்வதும் குறையும் என்கிறார் நண்பர். வாங்கலாமா, எந்த நீளத்தில் வைப்பது, எப்படிப் பூட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோயம்புத்தூரில் பல வருடங்களாக சஸ்பென்ஷன் வேலைதான் பார்க்கிறேன். இதே கேள்வி மாதத்துக்கு இரண்டு மூன்று முறை வருகிறது. நண்பர் சொன்ன கடைசி விஷயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதை நம்பித்தான் பலர் பணத்தைக் கொட்டுகிறார்கள். லிங்க் ராடு வண்டி சாய்வதைக் குறைக்காது. நீளத்தைக் கூட்டினாலும் குறைக்காது, குறைத்தாலும் குறைக்காது.

சாய்வைத் தடுப்பது ஸ்டெபிலைசர் பார். வண்டிக்குக் குறுக்கே போய் இரண்டு பக்கமும் கைபோல வளைந்து நிற்கும் இரும்புக் கம்பி அது. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் பார் தன்னைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்களுக்குள் சும்மா சுழன்று கொடுக்கும். ஒரு சக்கரம் மட்டும் மேலே போகும்போது, அல்லது வளைவில் வண்டி ஒரு பக்கம் படுக்கும்போது, ஈரத்துணியைப் பிழிவதுபோல பார் முறுக்கப்படும். அந்த முறுக்கை எதிர்த்து நிற்கும் பலம்தான் வண்டியை நிமிர்த்துகிறது. பாரின் நுனியைச் சக்கரத்தோடு சேர்க்கும் ஒரு சாண் கம்பிதான் லிங்க். சக்கரத்தின் அசைவைப் பாருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு அதன் வேலை முடிந்தது.

பழைய மாருதி 800-இல் லிங்க் என்ற பொருளே கிடையாது. பாரின் நுனியையே, சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் லோயர் ஆர்முக்குள் நுழைத்து, இரண்டு பக்கமும் ரப்பர் புஷ் வைத்து, நட்டுப் போட்டு முறுக்கிவிடுவார்கள். லோயர் ஆர்மை முன்பின் நகராமல் பிடித்துக்கொள்வதும் அதே பார்தான். லிங்க் இல்லாமலேயே அந்த வண்டி ஊர் முழுக்க ஓடியது. சாய்வைத் தடுக்கிற பலம் பாரில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அப்படியென்றால், லிங்க் மாற்றியதும் வண்டி கப்பென்று நிற்கிறது என்று பலர் சொல்கிறார்களே? அவர்கள் சொல்வதும் உண்மைதான். லிங்கின் நுனியில் குண்டு கிண்ணத்துக்குள் சுழலும் மூட்டுதான் பால் ஜாயிண்ட். தேய்ந்துபோன லிங்கில் அதில் ஒன்று இரண்டு மி.மீ. ஆட்டம் இருக்கும். வண்டி சாயத் தொடங்கும்போது அந்த ஆட்டம் முடியும்வரை பார் வேலைக்கு வராது, அப்புறம் திடீரென்று பிடிக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்புவதுபோல இருப்பது அதனால்தான். புது லிங்க் போட்டால் அந்தத் தயக்கம் போய்விடும். அது புது லிங்க் என்பதால் வந்த சுகம். அட்ஜஸ்டபிள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கம்பெனி லிங்கே புதிதாகப் போட்டிருந்தாலும் அதே சுகம் கிடைத்திருக்கும்.

உண்மையிலேயே சாய்வைக் குறைக்க வேண்டுமென்றால் பாரின் தடிமனைக் கூட்ட வேண்டும், அல்லது அதன் கையின் நீளத்தைக் குறைக்க வேண்டும். தடிமன் கூடினால் பலம் நான்காம் அடுக்கில் கூடும். 22 மி.மீ. பாரை எடுத்துவிட்டு 24 மி.மீ. போட்டால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, பலமோ ஏறத்தாழ 42 சதவீதம் கூடிவிடும். வெளிச்சந்தையில் வரும் சில பார்களின் நுனியில் இரண்டு மூன்று துளைகள் இருக்கும். உள்துளையில் லிங்கை மாட்டினால் கை குட்டையாகி பார் விறைக்கும். கை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே பலம் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். பாரை அட்ஜஸ்ட் செய்வது என்றால் இந்தத் துளை மாற்றம்தான். லிங்கின் நீளத்தை மாற்றுவது வேறு வேலை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது சத்தம். மெக்கானிக் சொன்னதை நம்புவதற்கு முன் நீங்களே பார்த்துவிடலாம். சாலை முழுக்கக் குறுக்கே போட்ட வேகத்தடையில் இரண்டு முன் சக்கரமும் ஒன்றாக ஏறும்படி மெதுவாகப் போங்கள். அப்புறம் ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்படி போங்கள். முதலாவதில் சத்தம் இல்லாமல் இரண்டாவதில் மட்டும் வந்தால் லிங்க் அல்லது பார் புஷ் என்று சந்தேகப்படலாம், ஏனென்றால் ஒற்றைச் சக்கரம் ஏறி இறங்கும்போதுதான் பார் முறுக்கப்பட்டு லிங்கின் மேல் பாரம் விழுகிறது. இரண்டிலும் வந்தால் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்), அதன் மேல் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ் பக்கம் தேடுங்கள். உங்கள் வண்டியில் இன்னொன்றும் இருக்கலாம். 40 மி.மீ. இறக்கிவிட்டுப் பழைய ஷாக்கையே வைத்திருந்தால், பெரிய பள்ளத்தில் அது கடைசியில் தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டும். அந்தச் சத்தம் ‘டொம்’ என்று கனமாக இருக்கும். லிங்க் சத்தம் மெலிந்தது, மரப்பெட்டியைச் சுத்தியலால் தட்டுவதுபோல.

பிட் இருக்கும் பட்டறையில் வண்டியை நான்கு சக்கரத்திலும் நிறுத்திவிட்டுக் கீழே இறங்குங்கள். லிங்கின் மேல் ஜாயிண்டைக் கையால் சுற்றிப் பிடித்து, கட்டைவிரலை, ஜாயிண்டை மூடும் ரப்பர் உறையும் (பூட்) பிராக்கெட்டும் சேரும் இடத்தில் வையுங்கள். மேலே ஒருவர் கூரைப் பக்கத்தைப் பிடித்து வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டட்டும். ஜாயிண்ட் போயிருந்தால் காதுக்குக் கேட்கும் முன்பே கட்டைவிரலுக்குத் தெரிந்துவிடும், சின்னதாக ஒரு துடிப்பு. அப்படியே கீழ் ஜாயிண்டுக்கும் பாருங்கள். பூட் கிழிந்து கிரீஸோடு மண் சேர்ந்து களிம்புபோல ஒட்டியிருந்தால் மேற்கொண்டு சோதிக்க வேண்டியதே இல்லை.

அப்படியும் சந்தேகம் தீரவில்லையென்றால் இரண்டு லிங்கையும் கழற்றிவிட்டு, பாரின் நுனிகள் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டிலோ டயரிலோ படாதபடி கம்பி போட்டுக் கட்டிவிட்டு, ஆளில்லாத தெருவில் முப்பதுக்குள் ஒரு சுற்று போய்ப் பாருங்கள். சத்தம் நின்றிருந்தால் குற்றவாளி லிங்க்தான். இந்த நிலையில் வண்டி நிறையச் சாயும், மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஜீப் வைத்துக் காட்டுக்குள் ஓட்டுபவர்கள் இதையே வேண்டுமென்று செய்வார்கள். பாறைமேல் ஏறும்போது சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்க வேண்டும், பார் அதற்குத் தடை. ஜீப் ரேங்லர் ரூபிகானில் 2007 முதல் பட்டனை அழுத்தினாலே பார் பிரிந்துகொள்கிறது. தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி சேர்த்துவிட வேண்டும்.

சரி, உங்கள் வண்டிக்கு அட்ஜஸ்டபிள் வேண்டுமா? இதற்கு ஊகம் வேண்டாம், கணக்கே போட்டுவிடலாம். 40 மி.மீ. இறக்கியதால் பாரின் நுனி 40 மி.மீ. மேலே போயிருக்கிறது. பாரின் கை 25 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அது சுமார் 9 டிகிரி சுழன்றிருக்கும். லிங்கும் பாரின் கையும் 90 டிகிரியில் இருந்தால்தான் விசை முழுதாகப் போய்ச் சேரும். 9 டிகிரி விலகினால் வீணாவது ஒரு சதவீதம் சொச்சம். ஓட்டுகிற யாருக்கும் அது தெரியவே தெரியாது. 30 டிகிரி விலகினால் 13 சதவீதம் போகும், அப்போதுதான் கவலைப்பட வேண்டும். இடது வலது இரண்டும் ஒரே அளவு இறங்கியிருப்பதால் பாரில் வீண் முறுக்கமும் இல்லை. ஆகவே கம்பெனி நீளத்திலேயே புது லிங்க் ஒரு ஜோடி போட்டால் போதும். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள், மற்றதும் அதே கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது.

ஒரே நிபந்தனை, எங்கேயும் உரசக் கூடாது. இறக்கிய பிறகு பாரின் கை டிரைவ் ஷாஃப்ட் பக்கமோ, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு சேர்க்கும் டை ராடு பக்கமோ நெருங்கியிருக்கலாம். டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் போய்ப் பளபளவென்று தேய்ந்த கோடு எங்காவது தெரிந்தால் உரசுகிறது என்று அர்த்தம். அப்படியிருந்தால் நீளத்தை மாற்றித்தான் ஆக வேண்டும்.

வேறு எப்போது வேண்டும்? உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்டான காயிலோவர் போடும்போது. சில காயிலோவர்களில் லிங்க் மாட்டும் பிராக்கெட்டைக் கம்பெனி ஸ்ட்ரட்டில் இருந்த இடத்தைவிட ஏற்றியோ இறக்கியோ வெல்டு செய்திருப்பார்கள். தடித்த பார் போட்டு அதன் கை வேறு கோணத்தில் வளைந்திருந்தாலும் வேண்டும். செட்டிபாளையம் காரி ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ டிராக்கில் ஓட்டுவதற்காக நான்கு சக்கரத்தின் எடையையும் தராசு வைத்துச் சமன் செய்பவர்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

நீளம் பற்றி ஒரு தப்பான விதி பரவிக் கிடக்கிறது. இறக்கினால் குட்டை லிங்க், ஏற்றினால் நெட்டை லிங்க் என்பார்கள். பாதி வண்டிகளுக்கு இது நேர் எதிர். உங்கள் ஸ்விஃப்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். லிங்கின் கீழ் நுனி பாரில், மேல் நுனி ஸ்ட்ரட்டின் உடம்பில். ஸ்ட்ரட்டின் உடம்பு சக்கரத்தோடு சேர்ந்தது. பாடி 40 மி.மீ. இறங்கினால், பாடியிலிருந்து பார்க்கும்போது சக்கரமும் ஸ்ட்ரட்டும் 40 மி.மீ. மேலே போயிருக்கின்றன. லிங்க் பாரின் நுனியை மேலே இழுத்து வைத்திருக்கிறது. பாரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் லிங்க் நீள வேண்டும். குட்டையாக்கினால் பார் இன்னும் மேலே போய் டிரைவ் ஷாஃப்டில் உரசும். இப்படி உரசவிட்டு என்னிடம் வந்த வண்டிகள் உண்டு.

லிங்க் பாரிலிருந்து கீழே இறங்கி லோயர் ஆர்மிலோ ஆக்சிலிலோ மாட்டியிருக்கும் வண்டிகளில் கதை மாறும். அங்கே ஆர்ம் மேலே ஏறும்போது லிங்க் பாரை மேலே தள்ளுகிறது. அங்கே இறக்கினால் குட்டை, ஏற்றினால் நெட்டை. ஜீப்பை மூன்று நான்கு அங்குலம் ஏற்றுபவர்கள் நீள லிங்க் போடுவது அதனால்தான். அந்த விதியை அப்படியே ஸ்ட்ரட்டில் லிங்க் மாட்டிய வண்டிகளுக்கும் சொல்லிவிட்டார்கள். கடைக்காரர் சொல்வதைக் கேட்பதற்கு முன் வண்டிக்கடியில் படுத்து, லிங்க் பாரிலிருந்து மேலே போகிறதா கீழே போகிறதா என்று பாருங்கள்.

எதை வாங்குவது என்பதில் நான் கறாராக இருப்பேன். அட்ஜஸ்டபிள் லிங்கில் இரண்டு ஜாதி. ஒன்று ராட் எண்ட் வைத்தது, நடுவில் துளையுள்ள இரும்புக் குண்டு திறந்த வளையத்துக்குள் சுழலும். ரேஸ் வண்டிக்கு அருமையான பொருள், துளி ஆட்டம் இருக்காது. ஆனால் மூடி கிடையாது. நம் ஊர் மண்ணும் மழைத்தண்ணீரும் நேராகக் குண்டுக்குள் போகும். என் சொந்த வண்டிக்கு ஒரு ஜோடி போட்டேன். பார்க்க நகைபோல இருந்தது. இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள், எந்தச் சத்தத்துக்காகப் பழைய லிங்கைக் கழற்றினேனோ அதே சத்தம் திரும்ப வந்தது. கழற்றிப் பார்த்தால் குண்டைச் சுற்றிச் செந்நிறத்தில் பொடி, விரலால் ஆட்டினாலே லொடலொடத்தது. அன்றிலிருந்து தினமும் ஓடும் வண்டிக்கு ராட் எண்ட் போட நான் யாருக்கும் சொல்வதில்லை. டிராக்குக்கு மட்டும் போகும் வண்டியென்றால் தாராளமாகப் போடலாம், அங்கே மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்றிக்கொள்வார்கள்.

இன்னொரு ஜாதி, இரண்டு நுனியிலும் ரப்பர் பூட் போட்ட பால் ஜாயிண்டும் நடுவில் மரை போட்ட கம்பியும் உள்ளது. உங்களுக்கு வேண்டுமென்றால் இதுதான். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். ஜாயிண்டிலிருந்து நீளும் மரை போட்ட முனையான ஸ்டட்டின் தடிமன் உங்கள் பிராக்கெட் துளைக்குச் சரியாக இருக்க வேண்டும். 10 மி.மீ. ஸ்டட்டை 12 மி.மீ. துளையில் போட்டு வாஷர் வைத்து இறுக்கினால் நாலு நாளில் அசைந்து சத்தம் போடும். நடுக் கம்பியின் ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை இருக்க வேண்டும். அப்போதுதான் வண்டியிலிருந்து கழற்றாமலேயே கம்பியை மட்டும் திருப்பி நீளத்தை மாற்றலாம். மூன்றாவது, உங்களுக்கு வேண்டிய நீளத்தில் வைத்த பிறகும் மரை போதுமான அளவு உள்ளே இருக்க வேண்டும். 10 மி.மீ. மரைக்கு 15 மி.மீ.யாவது உள்ளே இருக்கட்டும். வெளியே நிறைய மரை தெரிந்தால் அந்த லிங்க் உங்கள் வண்டிக்குக் குட்டை, பெரிய அளவாக வாங்குங்கள்.

பூட்டும் வேலைக்கு வருகிறேன். இதில்தான் பெரும்பாலான தப்பு நடக்கிறது.

கழற்றும்போது இரண்டு முன் சக்கரமும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், அல்லது இரண்டும் தரையில் இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினால் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும். நட்டைக் கழற்றியதும் லிங்க் படாரென்று விடுபட்டுக் கையில் அடிக்கும்.

முந்தின நாளே கம்பி பிரஷ் போட்டு மரையைச் சுத்தம் செய்து துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். நட்டைத் திருப்பும்போது பால் ஜாயிண்டின் ஸ்டட்டும் சேர்ந்து சுற்றும். ஸ்டட்டின் முனையில் ஆலன் கீ போடும் குழி இருக்கும், சிலவற்றில் ரப்பர் உறைக்குப் பின்னால் ஸ்பானர் பிடிக்கத் தட்டையான இடம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பானரால் நட்டை மட்டும் திருப்ப வேண்டும். பழையதைக் கழற்ற இம்பாக்ட் கன் போட்டால் போகட்டும் என்று விடலாம். புதிதைப் பூட்ட அதை எடுக்கவே கூடாது. ஸ்டட் பம்பரமாகச் சுற்றும், ரப்பர் உறையின் உதடு முறுக்கிக்கொண்டு கிழியும். போட்ட அன்றே அந்த லிங்கின் ஆயுள் பாதி போய்விடும், ஓட்டுபவருக்குத் தெரியவும் தெரியாது. நைலான் வளையம் வைத்த பழைய நட்டைத் திரும்பப் போடாதீர்கள், புது நட்டு வாங்குங்கள்.

கம்பெனி லிங்க் என்றால் மாட்டி, உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் சொன்ன முறுக்கு அளவுக்கு (டார்க்) இறுக்கினால் வேலை முடிந்தது. சிறிய கார்களில் 10 மி.மீ. நட்டுக்குப் பொதுவாக 40 முதல் 60 நியூட்டன் மீட்டருக்குள் வரும், ஆனால் மேனுவலில் உள்ளதே கணக்கு.

அட்ஜஸ்டபிள் என்றால் இன்னும் பாதி வேலை இருக்கிறது. இங்கே என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். தொடக்கக் காலத்தில் ஒரு வண்டிக்கு இரண்டு லிங்கையும் மேஜைமேல் வைத்து, ஸ்கேலால் அளந்து ஒரே நீளத்துக்கு வைத்துப் பூட்டினேன். அப்போது வண்டி தூக்கிய நிலையில் இருந்தது. இரண்டு நாள் கழித்து ஓட்டுபவர் வந்து, ‘அண்ணா, இடது வளைவில் நன்றாகத் திரும்புகிறது, வலது வளைவில் மூக்கு வெளியே போகிறது’ என்றார். அலைன்மென்ட் பார்த்தேன், டயர் காற்று பார்த்தேன், எல்லாம் சரி. கடைசியில் அவரை சீட்டில் உட்கார வைத்து, தரையில் நின்ற வண்டியில் ஒரு பக்க லிங்கின் கீழ் நட்டைக் கழற்றினேன். ஸ்டட் துளையை விட்டுத் துள்ளி, துளைக்கும் அதற்கும் நான்கு மி.மீ. விலகி நின்றது.

அந்த நான்கு மி.மீ. அளவுக்கு பார் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. 22 மி.மீ. தடிமன், முறுக்கும் பகுதி 90 செ.மீ., கை 25 செ.மீ. என்று கணக்குப் போட்டால் நான்கு மி.மீ. முறுக்கத்துக்கு நுனியில் சுமார் 13 கிலோ விசை வரும். கையும் கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் நடைமுறையில் சற்றுக் குறையும். வண்டி நேராக நிற்கும்போதே ஒரு முன் சக்கரத்தை அழுத்திக்கொண்டும் மற்றதைத் தூக்கிக்கொண்டும் பார் இருக்கிறது. அதனால்தான் ஒரு பக்க வளைவு ஒரு மாதிரி, மறுபக்க வளைவு இன்னொரு மாதிரி. வளைய டிராக்கில் இடது பக்கமே திரும்பிக்கொண்டிருக்கும் அமெரிக்க ரேஸ் வண்டிகளில் இந்த முறுக்கத்தை வேண்டுமென்றே வைப்பார்கள். வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் இரண்டு பக்கமும் திரும்ப வேண்டிய வண்டிக்கு அது ஆகாது.

எந்த வண்டியும் இடமும் வலமும் அச்சு அசல் ஒன்றாக இருப்பதில்லை. ஸ்பிரிங் ஒரு பக்கம் சற்று அமர்ந்திருக்கும், பிராக்கெட் வெல்டு ஒரு மி.மீ. தள்ளியிருக்கும், ஓட்டுபவர் வலது பக்கம் உட்காருவார். லிங்கை அட்ஜஸ்ட் செய்வதன் நோக்கம் இந்த வித்தியாசத்தை விழுங்கி, வண்டி தன் பாரத்தோடு நேராக நிற்கும்போது பாரில் துளி முறுக்கமும் இல்லாமல் செய்வது. இரண்டு லிங்கும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. முறுக்கமில்லாத நிலையில் ஒன்று இரண்டு மி.மீ. கூடக்குறைய இருந்தால் அதுதான் உங்கள் வண்டிக்குச் சரியான நீளம்.

செய்முறை இதுதான். சமதளமான தரை வேண்டும், பிட்டோ நான்கு தூண் ராம்போ இருந்தால் நல்லது. டயர் காற்று சரிபார்த்து, வழக்கமாக இருக்கும் அளவு டீசலோடு, டிரைவர் சீட்டில் உங்கள் எடையை வையுங்கள். நான் 25 கிலோ அரிசி மூட்டை மூன்று வைத்து பெல்ட் போட்டுவிடுவேன், ஆளை ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வைப்பதைவிட அது எளிது. ஜாக்கியிலிருந்து இறக்கியதும் வண்டி உடனே தன் உயரத்துக்கு வராது. டயர்கள் தரையைப் பிடித்துக்கொண்டு அகல முடியாமல் நிற்கும். வண்டியைக் கையால் இரண்டு மூன்று மீட்டர் முன்னும் பின்னும் தள்ளி, பானட்டை நான்கு முறை அமுக்கி விடுங்கள்.

இடது லிங்கை இரண்டு நுனியிலும் முழுதாகப் பூட்டிவிடுங்கள். அதன் நீளம் பாரின் கை டிரைவ் ஷாஃப்டிலிருந்தும் டை ராடிலிருந்தும் நன்றாக விலகி, லிங்கோடு ஏறக்குறைய 90 டிகிரியில் நிற்கும்படி இருக்கட்டும். வலது லிங்கின் மேல் நுனியை மட்டும் பூட்டி, கீழ் நுனியைத் தொங்கவிடுங்கள். இப்போது நடுக் கம்பியைத் திருப்பி நீளத்தை மாற்ற வேண்டும். மரை 1.5 மி.மீ. இடைவெளி என்றால், இரண்டு பக்க மரையும் சேர்ந்து நகர்வதால், ஒரு முழுச் சுற்றுக்கு நீளம் 3 மி.மீ. மாறும். கால் சுற்று கால் சுற்றாகப் போங்கள். ஸ்டட்டை இரண்டு விரலால் பிடித்துத் துளையில் வைத்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். நெம்புகோலும் சுத்தியலும் இல்லாமல், பாரை அமுக்காமல், தானாகப் போக வேண்டும். அந்த இடம்தான் சரியான இடம்.

அப்புறம் நட்டை இறுக்கி, இரண்டு ஜாயிண்டும் ரப்பர் உறைக்குள் ஒரு பக்கமாகச் சாயாமல் நடுவில் நிற்கும்படி திருப்பி வைத்து, கடைசியாக, நீளம் மாறாமல் பிடிக்கும் செக்நட்டுகளை இறுக்குங்கள். ஜாயிண்ட் சாய்ந்து நின்றால் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஸ்டட் கிண்ணத்தின் விளிம்பில் முட்டும், சீக்கிரம் உடையும். இறுக்கிய பிறகு லிங்கை முறுக்கிப் பாருங்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் ஒரே அளவு அசைந்து கொடுத்தால் சரி.

ஸ்ட்ரட்டில் மாட்டிய லிங்க் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து திரும்பும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முழு இடது, முழு வலது திருப்பி, லிங்கும் செக்நட்டும் பிரேக் ஹோஸிலோ ஏபிஎஸ் வயரிலோ டயரின் உள்பக்கத்திலோ படுகிறதா என்று பாருங்கள். இரண்டு சக்கரத்தையும் தொங்கவிட்டும் ஒரு முறை பாருங்கள்.

தடித்த பார் போடலாமா என்ற எண்ணமும் உங்களுக்கு இருப்பதாகப் புரிகிறது. முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் முன் பாரை மட்டும் தடிப்பாக்கினால் சாய்வது குறையும், ஆனால் வளைவில் வெளிப்பக்க முன் டயரின் மேல் பாரம் கூடி மூக்கு வெளியே போகும். கொண்டை ஊசியில் இரண்டாம் கியரில் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் உள்சக்கரம் சும்மா சுற்றும். ஸ்ட்ரட் வண்டிகளில் சாய்வு குறைவதால் டயர் நிமிர்ந்து நின்று கொஞ்சம் பிடிப்பு கிடைப்பதும் உண்டு, அதனால் முழுக்க நஷ்டம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நம் மலைச்சாலைக்கு நல்ல டயரும் நல்ல ஷாக்கும் தரும் பலனைத் தடித்த முன் பார் தராது. மழையில் வால்பாறை இறங்கும்போது ஒரு சக்கரம் குழியில் விழுந்தால், அந்த அடியை விறைத்த பார் மறுசக்கரத்துக்கும் கடத்தும். அந்தப் பணத்தில் முதலில் இறக்கிய ஸ்பிரிங்குக்கு ஏற்ற ஷாக் வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் நட்டு, செக்நட்டு எல்லாவற்றின் மேலும் ஸ்டட்டையும் சேர்த்து வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை, ஐந்நூறு ஓடியதும் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு உடையாமல் நேராக இருந்தால் எதுவும் தளரவில்லை. செக்நட்டில் கோடு விலகியிருந்தால் வெறுமனே இறுக்கிவிடாமல், அரிசி மூட்டையை மறுபடி சீட்டில் ஏற்றி, வலது லிங்கின் கீழ் ஸ்டட் விரலுக்கு வழுக்குகிறதா என்று பார்த்துவிட்டு இறுக்குங்கள்.